பலகையிற் பிறக்கும் வில்

வில்லைப் பாடாத பழந்தமிழ்ப் புலவர் அரியர். சேரன் அதனைத் தன் கொடியிற் பொறித்தான். கொல்லிமலைத் தலைவன் ஓரியை 'வல்வில்' என்னும் அடையின்றித் தமிழுலகம் அழைப்பதில்லை. அவன் விடுத்த ஒரே கணை யானை முதலாகப் பல விலங்குகளை ஊடுருவிச் சென்றதை வன்பரணர் புறநானூற்றிற் பாடிவைத்தார். ஆயினும், அவ் வல்வில்லைச் செய்தவன் யாவன்? எம்மரத்தைத் தேர்ந்தான்? எத்துணை நாள் இருந்து இழைத்தான்? எய்தவன் பெயர் நின்றது. செய்தவன் பெயர் மறைந்தது. தேர்க்கால் செய்யும் தச்சனை உவமையாகவேனும் ஔவையார் நினைந்தார். ஓரியின் வில்லைச் செய்தவனுக்கு அப்பேறும் வாய்க்கவில்லை.

தொழில் மறையுமிடத்துச் சொல்லும் உடன் மறையும். வில்லின் நுனியில் நாணைப் பொருத்துதற்கு வெட்டும் பள்ளத்திற்குக் 'குதை' என்று பெயர். இச்சொல்லைக் கேட்டால் தமிழ் பயின்றவருள்ளும் பலர் விழிப்பர். அகரமுதலியில் அது உறங்கிக் கிடக்கின்றது. ஓர் இளைஞன் அரத்தைக் கையிலேந்தி அப்பள்ளத்தை அராவத் தொடங்கும் அன்றே அச்சொல் அவனுக்கு வேண்டியதாகும். 'சிலை' என்பதும் அத்தகையதே. அது வில்லுக்கும் பெயர். ஒருவகை மரத்துக்கும் பெயர். மரத்தின் பெயரே அதனாற் செய்த கருவிக்கு ஆகிவந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். பழைய நார்வே மொழியிலும் வில்லுக்கும் வில் செய்யும் மரத்துக்கும் ஒரே சொல் வழங்கிற்று. எனவே, இஃது உலகியலொடு பொருந்திய வழக்கேயாம்.

வில்லுக்குரிய பொருள் யாது என்பதை ஆராயப் புகுவார் தொல்காப்பிய மரபியலை ஒருமுறை நினைத்தல் நன்று. புறத்தே காழ் உடையது புல் எனவும், அகத்தே காழ் உடையது மரம் எனவும் ஆசிரியர் பகுத்தார். மூங்கில் அவர் பகுப்பின்படி புல்லே. அதன் வலிமை முழுதும் வெளிப்புறத்துத் தோலையடுத்த நாரில் உள்ளது. ஆதலின் மூங்கில் வில் செய்வோர் அப்புறத்தைச் சீவாது வில்லின் முதுகாக, அஃதாவது எய்பவனை நோக்காத பக்கமாக, வைத்துக்கொள்வர். மரப்பலகையின் இயல்போ வேறு. அதற்கு அத்தகைய காப்புத்தோல் இல்லை. வாளால் அறுத்த பலகையில் நார்கள் எங்கு வேண்டுமாயினும் அறுபட்டிருக்கலாம். முதன்முறை வில் செய்பவன் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். இழைக்கும்போது அன்று, பலகையை விலைக்கு வாங்கும்போதே அவன் தோற்றுவிடுகின்றான்.

பலகையின் முகத்தில் ஓடும் வரிகள் ஒரு தலையினின்று மறுதலை வரை விளிம்பைத் தாண்டாமல் நேரே செல்லல் வேண்டும். பக்கவாட்டிற் பார்ப்பினும் அவ்வாறே இருத்தல் வேண்டும். வரி இடையில் விளிம்புக்கு ஓடி வெளியேறுமாயின், வில் வளையும்போது அவ்விடத்தில் நார் எழும்பிப் பிளவு தொடங்கும். முடிச்சுள்ள பலகையும், உளுத்த பலகையும், ஈரம் காயாத பலகையும் விலக்கத்தக்கன. ஈரப்பலகை முறியாவிடினும் வளைந்தபடியே நின்றுவிடும். கடையில் அடுக்கிய பலகைகளுள் ஒன்றும் தேறவில்லையெனில் வெறுங்கையோடு திரும்புதலே அறிவுடைமை. மேலைநாட்டில் முதல் வில்லுக்குச் செந்நிற ஓக்கு, இக்கரி, மேப்பிள் முதலிய வன்மரங்களைக் கொள்வர். தமிழ்நாட்டு மலைக்காடுகளில் வளரும் சடச்சி மரம் நெகிழ்ச்சிக்குப் பெயர்பெற்றது. கருவிக்காம்புக்கும் வண்டிக்கும் மட்டுமன்றி வில்லுக்கும் பயன்பட்டது. கதவுக்கும் நிலைக்கும் தலைமரமாகிய தேக்கு, வில்லுக்குத் தலைமரம் அன்று.

நீளத்திற் கஞ்சத்தனம் கூடாது. நாணை 71 செ.மீ. வரை இழுக்கும் வளர்ந்த ஆளுக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும், அகலம் 4 செ.மீ., தடிப்பு 2 செ.மீ. போதும். நடுவில் 10 செ.மீ. பிடி. அதன் உட்புறத்தில் ஒரு துண்டுக்கட்டையைப் பசையிட்டு ஒட்டி, அப்பகுதி வளையாதவாறு தடிப்பாக்க வேண்டும். பிடியினின்று கைகளுக்கு இறங்குமிடம் படிபோல் வெட்டுண்டிராது, சரிவாக இறங்க வேண்டும். மேற்கையும் கீழ்க்கையும் பாதி நீளம் வரை ஒரே அகலமாகச் சென்று, பின்பு நுனியில் ஒன்றேகால் செ.மீ. அளவுக்குக் குறுகும்.

அகலத்தைக் குறைத்தலும் தடிப்பைக் குறைத்தலும் ஒன்றெனக் கருதுவோர் வில்லைக் கெடுப்பர். அகலம் பாதியானால் விறைப்பும் பாதியாகும். தடிப்புப் பாதியானாலோ விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். 20 மி.மீ. தடிப்பில் 2 மி.மீ. சீவினால் விறைப்பில் நூற்றுக்கு 27 பங்கு போய்விடும். இழைப்புளியை ஒருமுறை மிகையாகத் தள்ளியவன் அதனைத் திரும்பப் பெறமுடியாது. சீவிய மரம் மீண்டும் ஒட்டுவதில்லையன்றோ?

இரு கைகளும் ஒருசீராக வளையுமாறு சிறிது சிறிதாகச் சீவிச் செவ்விதாக்கும் வேலையே வில்தொழிலின் உயிர். இதனை 'வளைவொப்பு' எனலாம். முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றிப் பிடியை அழுத்தி வளைவைக் காண வேண்டும். ஓரளவு நெகிழ்ந்தபின் குதையைச் சாய்வாக வெட்டலாம். அதனைப் பக்கங்களில் மட்டுமே வெட்ட வேண்டும், முதுகின் குறுக்கே அரம் படலாகாது. பின்பு நீண்ட நாண் ஒன்றைப் பூட்டி, படிப்படியாகப் பள்ளம் வெட்டிய கோலொன்றில் வில்லை ஏற்றி, நாணை ஒவ்வொரு பள்ளமாக இறக்கி, சற்று விலகிநின்று நோக்க வேண்டும். எங்கு வளையவில்லையோ அங்கே உட்புறத்திற் சீவுக. எங்கு மிகுதியாக வளைகின்றதோ அங்கே கைவையாதொழிக. முதுகை ஒருபோதும் சீவலாகாது. சீவியவுடன் பத்திருபது முறை மெல்ல வளைத்துவிட்டே மறுபடி நோக்க வேண்டும். அதற்குப் பின்னரே மரம் தன் மாற்றத்தைக் காட்டும். குறை கண்ட அளவுக்கு மேல் இழுத்தலும், கருதிய விசைக்கு மேல் இழுத்தலும் கூடா. முதல் வில்லுக்கு 15 கிலோ விசை அமைந்தால் மிக நன்று. 25 கிலோவுக்கு ஆசைப்பட்டவன் பெரும்பாலும் இரண்டு துண்டு விறகையே பெறுவான். தெறிக்கும் சிம்பு முகத்தையும் பதம்பார்க்கும்.

இத்தொழிலை எழுத்தால் மட்டும் கற்பித்தல் அரிது. கண் பழக வேண்டும். பழகிய கண்ணுடையான் ஒருவன் அருகிருக்க வேண்டும். அமெரிக்கக் கலிபோர்னியாவில் 1911-இல் ஓரோவில் என்னும் ஊரருகே பசியால் மெலிந்த ஒருவன் தனியே வந்து நின்றான். யாகி என்னும் மலைக்குடியில் எஞ்சியவன் அவன் ஒருவனே; அம்மொழியைப் பேச அவனையன்றி வேறு ஆள் இல்லை. பொன் தேடி வந்த வெள்ளையர் குடியேற்றம் அக்குடியை வேட்டையாடி ஒழித்திருந்தது. தன் பெயரை அவன் இறுதிவரை சொல்லவில்லை. 'ஆள்' எனப் பொருள்படும் 'இசி' என்னும் அவன் இனமொழிச் சொல்லாலேயே அவனை அழைத்தனர். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அவன் தங்கியிருந்தபோது, அவனுக்கு மருத்துவம் பார்த்த சாக்சுடன் போப்பு என்பார் அவனருகில் அமர்ந்து வில்தொழில் கற்றார். ஏறத்தாழ 107 செ.மீ. நீளமே உள்ள குறுவில் அது. முதுகில் மான்நரம்பு ஒட்டியது. அதனை அவன் தன் மொழியில் எவ்வாறு அழைத்தான் என்பதையும் போப்பு குறித்துவைத்தார். 1916-இல் எலும்புருக்கி நோயால் இசி மறைந்தான். 1923-இல் போப்பு எழுதிய நூலைப் படித்தே அந்நாட்டில் எண்ணற்றோர் மீண்டும் மரவில் செய்யத் தொடங்கினர். ஐந்தாண்டுக்குட்பட்ட பழக்கம் அது. அம்மருத்துவர் அமர்ந்து கேளாதிருந்தால், அவ்வில்லும் சொல்லும் அவனோடு எரிந்துபோயிருக்கும்.

தமிழகத்து மலையூர்களிலும் வில் வளைக்கத் தெரிந்த முதியோர் இருப்பர். அவரருகில் அமர்வார் யார்? கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடித்திங்களில் ஓரிக்கு விழா எடுக்கின்றனர். அவ்விழாவிற்கு வரும் பள்ளிமாணவர் கையில், தாமே இழைத்த வில்லொன்றேனும் இருத்தல் வேண்டாவா? அதற்குக் காடு வேண்டா. மரம் வீழ்த்தி ஆண்டுக்கணக்கில் உலர்த்த வேண்டா. ஒரு நற்பலகையும், இழைப்புளியும், அரமும், தச்சர் ஒருவரின் துணையும் போதும். வளையாத இடத்தையும் மிகை வளைந்த இடத்தையும் அத்தச்சர் எச்சொல்லாற் குறிக்கின்றாரோ அச்சொல்லையும் உடன் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

வளைவு ஒத்தபின், நாணேற்றிய நிலையில் பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி 15 செ.மீ. அளவில் அமையட்டும். விளிம்புகளை மழுக்கி, உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை நெய் பூசலாம். முதுகைப் பற்றி ஐயம் எழின், சணல்துணியைப் பசையிட்டு ஒட்டுதல் காப்பாகும். நாணைக் கழற்றியபின் வில் இரண்டு மூன்று செ.மீ. வளைந்து நின்றால் அதனைக் குறையெனக் கொள்ளற்க. அம்பு தொடுக்காமல் நாணை இழுத்துவிடலாகாது; அம்பு ஏற்கவேண்டிய விசை முழுதும் மரத்தின்மேல் திரும்பும். எய்து முடித்தவுடன் நாணைக் கழற்றி, சுவரிற் சார்த்தாமல், இரண்டு முளைகளின்மேல் கிடையாக வைத்துவிட வேண்டும்.