அஞ்சு வயசுக்கு கோச்சிங் கேம்ப் எதற்கு?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வரும் நம்மவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது மூன்று. லேக் மார்க்கெட் பக்கம் வீடு கிடைக்குமா? இட்லி அரிசி எங்கே வாங்குவது? பிள்ளையை எந்தப் பள்ளியில் போடலாம்? இப்போது நான்காவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "சார், பையனுக்கு அஞ்சு வயசு. இந்த ஊர்ல ஃபுட்பால் ரொம்ப விசேஷமாமே, எந்த கோச்சிங் கேம்ப்ல சேர்க்கலாம்?"

எதிலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏழெட்டு வயது வரை வீடே போதும். மொட்டை மாடி இருந்தால் இன்னும் விசேஷம். இதைச் சொல்கிறவன் கோச் இல்லை. பி.காம். முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருப்பவன். ஆகவே கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேம்ப்பில் இருபது குழந்தைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவராகப் பந்தைக் கோன்களுக்கு நடுவே தட்டிக்கொண்டு போய்வர வேண்டும். ஆளுக்குப் பத்து விநாடி என்று வைத்துக்கொண்டால், முறை திரும்பி வர 200 விநாடி ஆகும். ஒரு மணி நேரத்தில் பதினெட்டு முறை, ஆக மொத்தம் மூன்று நிமிடம். மிச்சம் ஐம்பத்தேழு நிமிடம் முன்னால் நிற்கும் பையனின் பனியனைப் பிடித்து இழுப்பதில் போகும். எல்லா இடமும் இப்படியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சீருடைக்கும் மாதக் கட்டணத்துக்கும் வாங்கிக்கொண்டு இதையே நடத்தும் இடங்களும் உண்டு. வீட்டு ஹாலில் ஒரு குழந்தை பத்து நிமிடம் பந்தோடு தனியாக இருந்தால், இரண்டு விநாடிக்கு ஒரு தொடுதல் என்றாலும் முந்நூறு ஆயிற்று. இந்த வயதில் வேண்டியது அதுதான். பந்து காலுக்குப் பழக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

சரி, பந்துக்கு வருவோம். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். அதை அஞ்சு வயசுக்கு வாங்கிக் கொடுப்பது நம் ஆபீஸ் ஷூவை அதற்கு மாட்டிவிடுவது மாதிரி. கடையில் மூன்றாம் எண் கேளுங்கள். வீட்டுக்குள் அதுகூட வேண்டாம். ஜோடி தொலைந்த சாக்ஸ் எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். அதற்குள் பழைய துணியைத் திணித்து முடிச்சுப் போட்டால் பந்து தயார். பெலே சின்ன வயதில் உதைத்ததும் அப்படிப்பட்ட சாக்ஸ் பந்தைத்தான். எகிறாது, டி.வி.யை உடைக்காது, முக்கியமாகக் கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்காது. (மதியம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போடும் தூக்கத்துக்கு வங்காளிகள் 'பாத்-கூம்' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் தலைக்கு மேல் பந்து குதித்தால் அண்டை வீட்டு உறவு அம்பேல்.)

என்ன சொல்லித் தருவது? பந்தின் மேல் வலது பாதம், இடது பாதம் என்று மாற்றி மாற்றி வைத்து எடுப்பது. உள்ளங்காலால் பந்தைத் தன் பக்கம் இழுப்பது. உட்பாதத்தால் இரண்டு காலுக்கும் நடுவே தட்டிக்கொண்டே இருப்பது. சுவரில் தட்டி, திரும்பி வருவதை நிறுத்துவது. இவ்வளவுதான். இதையும் பயிற்சி என்று சொன்னால் மூன்றாம் நாள் ஓடிவிடும். நாங்கள் 'ஸ்டாச்சு' ஆடுவோம். பந்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போது நான் 'ஸ்டாச்சு' என்றதும் பந்தும் ஆளும் சேர்ந்து நிற்க வேண்டும். என் மாமியார் வந்திருந்தபோது மாடியில் சாக்பீஸால் பெரிதாக ஒரு சிக்குக்கோலம் போட்டுக் கொடுத்தார். கோட்டின் மேலேயே பந்தை ஓட்டி, புள்ளிகளையெல்லாம் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர வேண்டும். வளைவுக்கு வளைவு கால் மாற்றாமல் அது முடியாது. இடது காலுக்கென்று தனிப் பாடம் எடுக்கும் வேலையே மிச்சம்.

வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது. குழந்தைகள் பந்தைக் கண்டால் கட்டைவிரல் நுனியால்தான் குத்தும். ஷூ இருந்தால் அது தெரியாது. வெறுங்காலில் வலிக்கும், பாதம் தானாகப் பக்கவாட்டில் திரும்பும். வெறுங்கால் என்று இந்த ஊரில் வாய் திறந்தால் 1911 வராமல் போகாது. அந்த வருஷம் ஜூலை 29-இல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்றது. ஒருவர் தவிர மற்ற பத்துப் பேரும் பூட்ஸ் இல்லாமல் ஆடியவர்கள். அதற்காக மைதானத்துக்கும் வெறுங்காலோடு அனுப்பாதீர்கள். கண்ணாடிச் சில்லுக்கு வரலாறு தெரியாது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். தலையால் முட்டச் சொல்லிப் பந்தைத் தூக்கிப் போடாதீர்கள். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டவே கூடாது என்று அமெரிக்க சங்கம் 2015-இல் அறிவித்தது. 2020-இல் இங்கிலாந்தும், ஆரம்பப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்றது.

அப்பாமார்களுக்கு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் "பாஸ் பண்ணுடா, அடிடா" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. நாலைந்து வயதில் பந்து அவனுடையது. அதை ஏன் இன்னொருவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குப் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. நேரமில்லை என்றும் சொல்லாதீர்கள். இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் வர்க்கம்தான் நானும். பத்து நிமிடம் கதவு நிலையில் கோல்கீப்பராக நின்றால் போதும். ரெக்கரிங் டெபாசிட் மாதிரி தொகை சின்னது, தவணை விடக்கூடாது.

"பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா பந்து?" என்று ஊரிலிருந்து அத்தை போனில் கேட்கிறார். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடியவர் என்று சொன்னேன். அத்தைக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. எனக்கும் அது பதில் இல்லைதான். என் மகள் இந்தியாவுக்கு ஆடப்போவதில்லை. எங்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். ஒவ்வொரு ஊரிலும் பள்ளி, பாஷை, சிநேகிதம் எல்லாம் பூஜ்யத்திலிருந்து. இங்கே வந்த புதிதில் இரண்டு மாதம், சாயங்காலம் ஆனால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சந்தில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்பாள். வா என்று கூப்பிட அவர்களுக்குத் தோன்றவில்லை, நானும் வரட்டுமா என்று கேட்க இவளுக்கு வங்காளி தெரியாது. ஒருநாள் பால் வாங்கக் கீழே போனபோது பந்து இவள் பக்கம் உருண்டு வந்தது. உள்ளங்காலால் நிறுத்தினாள், திருப்பித் தட்டினாள். மறுநாள் ஒரு பக்கம் ஆள் குறைந்தபோது மாடிப்படி ஏறி வந்து கூட்டிப் போனார்கள். அவள் கற்றுக்கொண்ட முதல் வங்காளி வாக்கியம் 'எதிகே தே', அதாவது 'இங்கே கொடு'. அடுத்த மாற்றல் உத்தரவு எந்த ஊருக்கு வந்தாலும் அந்தக் காலும் கூடவே வரும்.

எட்டு வயதுக்கு மேல், குழந்தையே கேட்டால், கேம்ப்பில் சேருங்கள். பணம் கட்டும் முன் ஒரு சாயங்காலம் போய் ஓரமாக நின்று பந்துகளை எண்ணுங்கள். தலைக்கு ஒன்று இருந்தால் விண்ணப்பப் படிவம் வாங்கலாம். இருபது பேருக்கு மூன்று என்றால், வரும் வழியில் ஆளுக்கு ஒரு புச்கா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.