மறைக்கப்படும் வாதக் காய்ச்சல்

எம்மவர் வீடுகளில் கலியாணம் பேசும்போது சொல்லாமல் விடப்படும் விடயங்கள் சில உண்டு. "சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்தது, மாதா மாதம் ஊசி போட்டோம்" என்பது அவற்றில் ஒன்று. பெண்பிள்ளை என்றால் மூச்சே விடமாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதும் விடுவதும் உங்கள் குடும்ப விடயம். ஆனால் அந்தப் பிள்ளைக்கே அதைச் சொல்லாமல் வளர்ப்பதும், வைத்தியரிடம் மறைப்பதும் உயிருக்கு உலை வைக்கும் காரியங்கள் என்பது என் கருத்து.

றுமாற்றிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது. ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற கிருமியால் தொண்டை நோ வந்து இரண்டு மூன்று கிழமைகளின் பின், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்த மூட்டுகளையும் இருதயத்தையுமே தாக்குகிறது. மூட்டு வீக்கம் சுவடில்லாமல் மாறிவிடும். இருதய வால்வில் விழுந்த தழும்பு மாறாது. அது தடித்து, ஒட்டி, ஒடுங்குவதற்கு இருபது முப்பது வருடங்கள்கூட எடுக்கலாம். காய்ச்சல் வந்த எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி, காய்ச்சல் திரும்ப வராமல் தடுப்பதற்கானது. திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் பழுதாகும். பொதுவாக 21 வயது வரையாவது, வால்வு பழுதானவர்களுக்கு 40 வயது வரையிலும் போடவேண்டும். எங்கள் ஊரில் நடந்தது என்ன? தொண்ணூறுகளில் வடக்கிற்கு மருந்து வருவதே கட்டுப்பாட்டில் இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது கிளினிக் கொப்பியை யார் தேடி எடுத்தார்கள்? ஊசி நின்றது. பிள்ளை ஓடித்திரிந்ததால் சுகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அன்று பத்து வயதாக இருந்த பிள்ளைகள் இன்று நாற்பது வயதுக்காரர்.

மைற்றல் வால்வின் வாய் சாதாரணமாக 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர். அது 1.5க்குக் கீழே ஒடுங்கினாலும் சிலர் சமாளித்துக்கொண்டு திரிவார்கள், கர்ப்பம் தரிக்கும் வரை. கர்ப்பத்தில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 வீதம் கூடுகிறது. இருதயமும் வேகமாகத் துடிக்கிறது. ஒடுங்கிய வால்வால் இதைத் தாங்க முடியாது. ஐந்தாம் ஆறாம் மாதத்தில் மூச்சு வாங்கும், நிமிர்ந்து படுக்க ஏலாது, சளியில் இரத்தம் தெரியலாம். வீட்டில் "வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இளைக்கும்தானே" என்பார்கள். வைத்தியசாலையில் முட்டு என்று நினைத்து பம்ப் கொடுக்கலாம். பிரித்தானியாவில் இந்நோய் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அருகிவிட்டது. இங்குள்ள இளம் வைத்தியர்கள் பலர் புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு நினைவில் தட்டாது.

கர்ப்பத்திற்கு முன்பே தெரிந்தால் ஒடுங்கிய வால்வைப் பலூன் மூலம் விரிக்கலாம், தேவையானால் சத்திரசிகிச்சை செய்யலாம். அதற்கு முதலில் ஒரு எக்கோ ஸ்கான் எடுக்கவேண்டும். வலியில்லை, ஊசியில்லை.

ஆண்களும் தப்பியவர்களல்ல. இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறி, உள்ளே இரத்தம் கட்டிபட்டு, நாற்பதுகளிலேயே பாரிசவாதம் வரலாம். இரத்தம் உறைவதைத் தடுக்க, உணவுக் கட்டுப்பாடும் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் தேவையில்லாத புதிய மாத்திரைகள் வந்திருப்பதை அறிந்து, "டொக்டர், எனக்கும் அதைத் தாங்கோ" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நோயாளருக்கு அது பொருந்தாது. 2022 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், அவற்றில் ஒன்றான ரிவரொக்ஸபானை விடப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே உயிரைக் கூடுதலாகக் காத்தது.

இன்னொரு சிக்கல் 'வாதம்' என்ற சொல்லில் இருக்கிறது. நாங்கள் வாதக் காய்ச்சல் என்று சொல்ல, மொழிபெயர்ப்பாளர் 'ஆர்த்ரைற்றிஸ்' என்று மாற்றிவிடுவார். வைத்தியர் முழங்காலைப் பார்த்து அனுப்பிவிடுவார். ஆகவே அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ இன்றே கேளுங்கள்: சின்னனில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா, மாதா மாதம் இடுப்பில் ஊசி போட்டதா, விளையாடவேண்டாம் என்று டொக்டர் மறித்தாரா? ஆம் என்றால், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தாலும் உங்கள் வாயாலேயே 'றுமாற்றிக் ஃபீவர்' என்று ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.