இரவல் தர முடியாத புத்தகம்

சென்ற மாதம் செங்கற்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இலக்கிய மன்றத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'அச்சுப் புத்தகமா, மின்நூலா?' எனக்கு முன்னால் பேசிய நண்பர் அச்சுப் புத்தகத்தின் கட்சி. காகிதத்தின் மணத்தைப் பற்றி அரைமணி நேரம் உருகினார். புதுப் புத்தகத்தைப் பிரித்து முகர்ந்து பார்க்கிற சுகம், பக்கம் புரட்டும்போது எழுகிற ஓசை, நடுவில் ஒளித்து வைத்த மயிலிறகு... மாணவர்கள் கைதட்டித் தீர்த்தார்கள். ஒரே காரில் திரும்பி வரும்போது, "கடைசியாக என்ன படித்தீர்கள்?" என்று அவரைக் கேட்டேன். அவர் யோசித்தார். வண்டி தாம்பரம் தாண்டும்வரை யோசித்துக் கொண்டிருந்தார்.

இந்த மணப் பிரியர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நானும் அச்சுப் புத்தகத்தின் கட்சிதான், அதனால்தான் கோபம். புத்தகத்தின் பெருமை மணத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டால், நாளைக்கு எவனாவது ஒரு வியாபாரி காகித மணம் வீசுகிற கருவி ஒன்றைச் செய்து விற்றுவிட்டுப் போவான். நம் கட்சி அன்றோடு தோற்றது.

ஓலைச்சுவடிக்கும் ஒரு மணம் இருந்திருக்கும். அதைப் பட்டுத் துணியில் சுற்றி, சரஸ்வதி பூஜையன்று பொட்டு வைத்து, மறுநாள் பரணில் ஏற்றியவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்கள் கும்பிட்டதைக் கரையான் தின்றது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடினார். 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். ஓலையின் அழகில் லயித்து அவர் நின்றிருந்தால், நமக்குப் புறநானூறு எப்போது கிடைத்திருக்குமோ! ஆகவே, புது வாகனத்தின்மேல் எனக்குப் பகை கிடையாது.

காகிதம் எரியும் என்பதை யாழ்ப்பாணம் 1981-இல் கண்டது. அங்கே நூலகத்தோடு சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்து வைக்க 2005-இல் தொடங்கிய 'நூலகம்' திட்டத்தையோ, 1998 முதல் தொண்டர்களைக் கொண்டே பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிற 'மதுரைத் திட்ட'த்தையோ பழிக்கிறவனுக்குத் தமிழில் வாயைத் திறக்க யோக்கியதை இல்லை. அந்த நூல்களை யாரும் காசில்லாமல் எடுத்துக் கொள்ளலாம், அடுத்தவனுக்கும் கொடுக்கலாம்.

பின்னே எதைத்தான் நான் எதிர்க்கிறேன்? அதைச் சொல்ல எங்கள் தெருவில் இருந்த தமிழாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்றபின் அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. அச்செழுத்து கண்ணுக்கு எட்டாமல் போயிற்று. மகன் ஒரு வாசிப்புக் கருவி வாங்கிக் கொடுத்தான். விரலால் தொட்டால் எழுத்து கடலைப் பருப்பு அளவுக்குப் பெரிதாகும். "தம்பி, இத்தனை நாள் நான் எழுத்துக்கிட்டே போனேன். இப்போ எழுத்து என்கிட்டே வருது!" என்று குழந்தை மாதிரி சிரித்தார். பத்து வருஷம் படிக்காமல் விட்டதையெல்லாம் மூன்றே வருஷத்தில் படித்தார். பென்ஷன் பணத்தில் மாதம் நாலைந்து நூல் வாங்குவார். இருநூறுக்குமேல் சேர்ந்துவிட்டது.

போன வருஷம் காலமானார். வீட்டில் இரண்டு அலமாரிப் புத்தகம். மகள் அவற்றைப் பிரித்து, கிளை நூலகத்துக்குப் பாதியும் உறவுக்காரப் பிள்ளைகளுக்குக் கொஞ்சமும் கொடுத்தாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த பன்னிரண்டு வால்யூம்கள் என் பங்குக்கு வந்தன. ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்திலும் அவர் மனைவியின் கையெழுத்தில் ஒரு கணக்கு: 'மேல்வீட்டு மாமி — வந்தது. போஸ்ட்மாஸ்டர் சம்சாரம் — வந்தது. டெய்லர் பெண் — வரவில்லை, கேட்க வேண்டும்.' ஒரு தெருவே படித்திருக்கிறது அந்தப் புத்தகத்தை!

அந்தக் கருவி? அதற்குள் இருந்த இருநூறு நூல்களைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி மகன் கம்பெனிக்கு எழுதினான். 'உங்கள் தந்தைக்கு நாங்கள் அளித்தது படிப்பதற்கான அனுமதி மட்டுமே. அதைப் பிறருக்கு மாற்ற இயலாது' என்று பதில் வந்தது. மனிதர் போனார், அனுமதியும் போயிற்று. இருநூறு புத்தகத்துக்குக் கொடுத்த காசு யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'வாங்கு' என்று பொத்தானில் போட்டிருக்கிறான். உள்ளே பொடி எழுத்தில் 'விற்கவில்லை, அனுமதிக்கிறோம்' என்கிறான். சந்தையில் ஒருவன் பசுமாட்டை விலைபேசி விற்று, மூக்கணாங்கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக் கொண்டால் என்ன சொல்வோம்?

நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். 2009-இல் அமேசான் கம்பெனி, தான் விற்ற ஆர்வெல்லின் நாவல்களின் சில பிரதிகளை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. பதிப்பித்தவனுக்கு உரிமை இல்லையாம். அழிக்கப்பட்டவற்றில் ஒன்று, சர்க்கார் ஜனங்களின் வீட்டுக்குள் கண் வைக்கிற கதையான '1984'! காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது, விற்ற நூல்களெல்லாம் கடையோடு மறைந்தன. அங்கும் காசு திரும்பி வந்தது. ஆனால், கடைக்காரன் கடையை மூடினால் நம் வீட்டு அலமாரி காலியாகும் என்பது எந்த ஊர் நியாயம்?

தமிழ் நடுத்தரக் குடும்பம் வாசகக் குடும்பமானது இரவலால். சென்னை மாகாணம் 1948-இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கியது, ஏழை வீட்டுப் பையனுக்கும் இரவல் கிடைக்கட்டும் என்றுதான். கல்லூரிப் படிப்பை முழுசாக முடிக்காத என்னை எழுத்தாளனாக்கியவை பிறத்தியார் புத்தகங்களே. அவற்றில் இரண்டை நான் திருப்பித் தரவில்லை என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

"எழுத்தாளனே இரவலை ஆதரித்தால் ராயல்டி என்னாவது?" என்று என் பதிப்பாள நண்பர் கேட்கிறார். ஐயா, பன்னிரண்டு வயதில் இரவல் வாங்கிப் படிக்காத ஒருவன், நாற்பது வயதில் என் நாவலைக் காசு கொடுத்து வாங்குவான் என்று எந்த ஜோசியர் உங்களுக்குச் சொன்னார்?

இதில் எனக்கும் பங்குண்டு. என் நாவல்களில் ஆறு, அதே மாதிரிப் பூட்டுப் போட்ட மின்நூலாக விற்பனையாகின்றன. ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான். ஆசிரியர் விட்டுப்போன கருவியில் என் நாவல்கள் இரண்டு இருந்தன என்று அவர் மகன் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாவலுக்குப் பூட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருமானம் குறைந்தால் குறையட்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. தாளில் படியுங்கள், திரையில் படியுங்கள், அது உங்கள் கண்ணின் சௌகரியம். ஆனால் காசை எடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதை நான் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா? என் பிள்ளைக்கு விட்டுப் போகலாமா? விற்றவன் திரும்ப வந்து எடுத்துக்கொள்ள முடியுமா? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில், அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டு, உண்மையைத் தெளிவாகச் சொல்லாமல் அதை 'விற்பனை' என்று சொல்லக்கூடாது என்று 2025 முதல் சட்டம் இருக்கிறது. அந்த நாணயத்தை இங்கேயும் கேட்போம். விற்றால் விற்றதாக இருக்கட்டும்; வாடகைக்கு விட்டால் வாடகை என்று பலகை எழுதி மாட்டட்டும்.