பயிற்றுநரின் பழியும் புகழும்

பந்தைத் தான் உதைத்தல் ஒரு கலை. பிறரைக் கொண்டு உதைப்பித்தல் வேறொரு கலை. முன்னதில் வல்லார் பின்னதிலும் வல்லாராவர் என உலகம் எளிதிற் கொள்கின்றது. அவர் தோற்றவிடத்தோ, ஆட்டக்காரர் பிழையையும் அதிகாரிகள் பிழையையும் அவர் தலைமேலேயே சுமத்துகின்றது. இது முறையன்று என்பதற்குப் போர்த்துக்கேய உதைபந்தாட்ட வீரர் ஜோசே தொரெஸின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

1938 இற் பிறந்த தொரெஸ் ஆறடிக்கு மேல் உயர்ந்தவர், சாந்த குணத்தினர். 'நல்ல பூதம்' எனும் பொருள்பட அவர் நாட்டார் அவருக்குச் செல்லப்பெயர் வழங்கினர். லிஸ்பன் நகரத்துப் பென்பிக்காக் கழகத்தின் முன்வரிசையில் ஆடிய அவர், 1962-63 ஆம் பருவத்தில் 26 கோல்கள் அடித்துத் தம் நாட்டுக் கழக வீரருள் முதன்மை பெற்றார். 1966 இல் இங்கிலாந்தில் நிகழ்ந்த உலகக் கிண்ணப் போட்டியில் யூசேபியோவின் பேரொளி எல்லார் கண்ணையும் கவர்ந்தது. எனினும், மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில், முடியுந் தறுவாயில் சோவியத் அணிக்கெதிராக வெற்றிக் கோலை அடித்தவர் தொரெஸே.

அதன்பின் இருபது ஆண்டுகள் போர்த்துக்கல் உலகக் கிண்ண அரங்கை எட்டவில்லை. 1984 இல் அணியின் பயிற்றுப் பொறுப்பைத் தொரெஸ் ஏற்றார். 1985 ஒக்டோபரில், ஸ்டுட்கார்ட் நகரில் மேற்கு ஜேர்மனியை வென்றாலன்றி வழியில்லை என்ற நிலை வந்தது. தகுதிகாண் போட்டிகளில் அதுகாறும் தோல்வியே காணாத அணி அது. பலரும் நம்பிக்கை இழந்தவிடத்து, "என்னைக் கனவு காண விடுங்கள்" என்றார் தொரெஸ். கார்லோஸ் மனுவேல் தொலைவிலிருந்து உதைத்த பந்து வலையுட் புகுந்தது, கனவு நனவாயிற்று.

1986 இல் மெக்சிக்கோவில் நிகழ்ந்ததோ வேறு. சால்தியோ என்னும் ஊரிற் பாசறையிட்ட வீரர்க்கும் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் ஊதியம் பற்றியும் விளம்பரப் பணம் பற்றியும் பிணக்கு மூண்டது. விளம்பரப் பெயர் தோன்றாவண்ணம் வீரர் தம் சட்டைகளை உட்புறம் வெளியாக மாற்றி அணிந்து பயின்றனர். அந்நிலையிலும் முதலாட்டத்தில் இங்கிலாந்தை 1-0 என வென்றனர். பின்னர்ப் போலந்திடம் 0-1 எனவும், மொறோக்கோவிடம் 1-3 எனவும் தோற்றுப் பிரிவின் கடைநிலையில் நின்று நாடு திரும்பினர். தொரெஸும் பதவி நீங்கினார்.

'கண்டிப்புடைய பயிற்றுநராயின் இக்கலகம் நேர்ந்திராது' என்பார் உளர். அவர்க்கு ஒன்று கேட்போம்: பணம் வழங்கும் அதிகாரம் பயிற்றுநர் கையில் இருந்ததா? இல்லாத பணத்தைக் கண்டிப்பினால் ஈடுசெய்தல் எங்ஙனம் கூடும்? அன்றியும், ஸ்டுட்கார்ட்டில் வென்றவரும் அதே சாந்த குணத்துத் தொரெஸ் அன்றோ? வெற்றியில் மென்மை எனப் போற்றியதைத் தோல்வியிற் கோழைமை எனத் தூற்றுதல் நடுவுநிலைமையாகாது.

நன்னூலார் நல்லாசிரியர் இலக்கணம் கூறியதோடு அமைந்தாரல்லர். மாணாக்கர் இலக்கணத்தையும், பாடங் கேட்கும் முறையையும் வேறாக வகுத்தார். கற்பித்தலின் பயன் ஒருவரால் மட்டும் விளைவதன்று என்பதை இவ்வமைப்பே உணர்த்துகின்றது. ஆடுகளமும் இதற்கு விலக்கன்று. பயிற்றுவோர், பயில்வோர், இருவரையும் பேணும் நிருவாகத்தார் என மூவர் கடமையும் ஒருங்கே இயைதல் வேண்டும். தேர்வுப் பெறுபேறு ஒன்றையே கொண்டு ஆசிரியரை அளக்கும் நம்மவரும் இதனைச் சிந்தித்தல் நன்று.

முதுமையில் மறதிநோயுற்ற தொரெஸ் 2010 இற் காலமானார். சால்தியோவை மட்டும் அவர் கணக்கில் எழுதி, ஸ்டுட்கார்ட்டை அதிட்டத்தின் கணக்கில் எழுதுவோர் நீதி செய்தவராகார். புகழைப் பலர்க்குப் பகிர்ந்தளிக்கும் நாம், பழியையும் அவ்வாறே பகிர்ந்தளிக்கக் கடவோம்.