நான்காம் ஆண்டு வீணா?

“மூன்றாண்டில் பட்டம் கிடைத்துவிடுகிறது. படம் எழுதவும் நாடகம் ஆடவும் கற்ற பிள்ளை, நான்காம் ஆண்டும் கல்லூரியில் இருந்து ஆராய்ச்சி என்று எதைச் செய்யப் போகிறது?” புதுவை முல்லா வீதியின் திண்ணைகளில் மட்டுமன்று, கற்றோர் கூடும் அவைகளிலும் இவ்வினா இப்போது எழுகிறது. வினவுவோர் தந்தையராயின் அவர்தம் கவலை நமக்கு விளங்குகிறது. ஓராண்டுச் சம்பளமும் ஓராண்டுச் சோறும் எளிய குடும்பத்துக்குச் சிறு பாரமல்ல. ஆனால் கற்றறிந்தோரும் இவ்வாறே வினவும்போது வாளாவிருத்தல் முறையன்று. படைப்பு வேறு, ஆராய்ச்சி வேறு என்று அவர்கள் கொண்டுள்ள எண்ணத்தையே நாம் மறுக்கிறோம்.

முதலில் செய்தியைத் தெளிவாக்கிக் கொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி, மூன்றாண்டு பயின்று 120 மதிப்பலகு பெற்றவர் இளநிலைப் பட்டத்தோடு வெளியேறலாம். நான்காம் ஆண்டும் பயின்று 160 பெற்றவர்க்கு ஆனர்ஸ் பட்டம். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்றவர் அந்த ஆண்டில் ஆராய்ச்சியை மேற்கொள்ளலாம். ஆய்வேட்டுக்கு 12 மதிப்பலகு. ஆனர்ஸ் முடித்தவர்க்கு முதுகலை ஓராண்டே. மூன்றும் இரண்டும் ஐந்து. நான்கும் ஒன்றும் ஐந்து. முதுகலை வரை செல்லக் கருதும் பிள்ளைக்கு ஓராண்டு வீணாகிறது என்போர், கூட்டலிலேயே பிழை செய்கின்றனர். அன்றியும், 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிகள், நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்க்கு முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கும் தகுதியையும் அளித்துள்ளன.

எனினும் வழக்கு கணக்கைப் பற்றியதன்று. கையால் செய்வது அறிவாகுமா என்பதே வழக்கு. மதரஸாவில் ஓதியவர் இதைக் கேட்கலாமா? இல்மையும் அமலையும் பிரிக்கலாகாது என்பது நமக்கு இளமையிலேயே கற்பிக்கப்பட்ட பாடமன்றோ? அமலற்ற இல்மு கனியற்ற மரம் என்று மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கனி தரும் மரத்தைக் கண்டதும் இது மரமே அன்று என்பது என்ன நியாயம்?

அரபு எழுத்துக் கலையையே எடுத்துக்கொள்வோம். பாக்தாதில் அப்பாஸிய அமைச்சராயிருந்து 940இல் மறைந்த இப்னு முக்லா, நாணல் எழுதுகோலின் முனை தாளில் பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாகக் கொண்டார். அலிஃபின் உயரத்தைப் புள்ளிகளால் அளந்தார். அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தைக் கொண்டு ஏனைய எழுத்துகளின் வளைவுகளுக்கு வரம்பு கண்டார். எழுதிப் பாராமல் எண்ணியிருந்தால் இது தோன்றியிருக்குமா? எண்ணிப் பாராமல் எழுதிக்கொண்டேயிருந்தாலும் தோன்றியிராது. பிற்காலத்தில் உஸ்மானியர் ஆட்சியில், மாணவன் தன் கைப்பட எழுதிய எழுத்தோவியத்தை உஸ்தாதின் முன் வைப்பான். அவர் அதன் அடியிலேயே தம் இசைவை எழுதிக் கொடுப்பார். அதுவே இஜாஸா. படைப்பையே சான்றாகக் கொண்டு பட்டம் வழங்கும் முறையை மேனாட்டார் வந்துதான் நமக்குக் கற்பிக்க வேண்டுமென்பதில்லை.

தமிழுக்கு வருவோம். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடப் புகுந்தபோது, கீழக்கரை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடியதாகவும், பரங்கிப்பேட்டை மகமூது தீபி அவர்களிடம் அரபு மூலச் செய்திகளைக் கேட்டறிந்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மூன்று காண்டங்களில் 5027 செய்யுட்கள் கொண்ட அந்தக் காப்பியம் கேள்வியறிவும் பாட்டும் கூடிப் பெற்ற பிள்ளை. அரபுப் பாலையின் வரலாற்றை ஆறும் வயலும் நிறைந்த தமிழ்நிலத்தின் கண்கொண்டு பாடுவது எப்படி என்ற வினாவுக்கு விடை எந்த அரபுக் கிதாபிலும் இல்லை. நாட்டுப் படலத்தைப் பாடியே அவர் அந்த விடையைக் கண்டார். ஆராய்ச்சி என்பது வேறென்ன?

நம் புதுவையிலும் சான்றுகள் உண்டு. 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கினர். 1980களில் மீக்கர் பச்சை மண்ணால் வீடு கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கித் தீமூட்டிச் சுட்டுப் பார்த்தார். எவ்வளவு சூடு வேண்டும், சுவர் எங்கே வெடிக்கும் என்பவை தீயிடமே கேட்டறியத்தக்கவை. நூலகத்தில் கிடைப்பவை அல்ல. புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் வேலையும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மையும் நம் வாசலில் இருக்கின்றன. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. 1922இல் இந்நகரிலேயே மறைந்த நாடகத் தந்தையின் பெயரால், புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. ‘ஔரங்கசீப்’ நாடகம் எழுதிய இந்திரா பார்த்தசாரதி அதற்குத் தலைமை தாங்கினார். இத்தனையும் அருகிருக்க, இங்கே ஆராய என்ன இருக்கிறது என்பவர் ஊரையே பாராதவர்.

“உருவம் எழுதுவதை மார்க்கம் ஏற்குமா?” என்றும் சிலர் இடைமறிக்கின்றனர். அதில் உலமாக்களிடையே கருத்து வேற்றுமை உண்டு; அதை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. எழுத்தோவியமும் மட்பாண்டமும் செய்யுளும் கலையல்லவா? ஐயமுடையவர் இவற்றுள் ஒன்றைத் தேரட்டும். ஒரு கிளையைக் காட்டி மரத்தையே வெட்டச் சொல்வது வாதமாகாது.

மறுபுறத்தாரையும் விட்டுவிடுவதற்கில்லை. படைப்பை ஒரு மூலையில் வைத்துவிட்டு, ஏட்டின் பக்கங்களை எண்ணி மதிப்பெண் இடும் பேராசிரியர்களும் உளர். கலையைப் பற்றிய ஆய்வு, கலையின் வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என 1993இலேயே லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் மூன்றாக வகுத்துக் காட்டினார். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் ஆனர்ஸ் மாணவர் படைப்பையும் அதற்குரிய விளக்கவுரையையும் சேர்த்தளிக்கும் முறை உண்டு. இது நமக்குப் புதிதா? நூலும் உரையும் நம் மரபு. இலக்கண விளக்கம் செய்த வைத்தியநாத தேசிகரும் இலக்கணக் கொத்துச் செய்த சாமிநாத தேசிகரும் தம் நூலுக்குத் தாமே உரை வரைந்தனர். நான்காம் ஆண்டு மாணவரிடம் நாம் கேட்பதும் இதுவே: நூலைச் செய்; பின் அதற்கு உரை சொல். எதைத் தேடினாய், எது உடைந்தது, எதை மாற்றினாய், உனக்கு முன் செய்தவரிடமிருந்து எங்கே விலகினாய் என்று எழுது. உரையில்லாத படைப்பு பட்டத்துக்குப் போதாது. படைப்பில்லாத உரை வெறும் பேச்சு.

ஆகவே கல்லூரிகளை நோக்கி மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். தேர்வாளருள் ஒருவரேனும் அந்தக் கலையைக் கையால் செய்பவராயிருக்க வேண்டும். வில்லியனூர்க் குயவரிடம் தமிழில் கேட்டறிந்ததைத் தமிழிலேயே எழுத மாணவர்க்கு உரிமை வேண்டும். 75 விழுக்காடு என்னும் வரம்பைக் கணக்கிடுகையில் கைத்திறனுக்கும் உரிய நிறை வேண்டும். எழுத்துத் தேர்வில் 68 பெற்றவன் களிமண்ணில் முதல்வனாயிருக்கலாம்.

சமுதாயத்தை நோக்கி ஒன்று. நம் அறநிலையங்கள் பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் கல்வி உதவி வழங்குவதை வாழ்த்துகிறோம். கலை பயிலும் பிள்ளை, சிறப்பாகப் பெண்பிள்ளை, விண்ணப்பத்தோடு வரும்போது அதைப் படியாமலே திருப்புவதை வாழ்த்த இயலாது. மூன்றாண்டோடு அவள் வீட்டுக்கு அழைக்கப்பட்டால் இழப்பு அவளுக்கு மட்டுமா? நம் முனாஜாத்துகளையும் கிஸ்ஸாக்களையும் நாமாக்களையும் படைப்போர்களையும் அரங்கிலும் ஓவியத்திலும் புதிதாக்க வல்ல ஒரு கையை நாமே மடக்கிவிடுகிறோம். பின்னொரு நாள் நம் கலைமரபைப் பிறர் எழுதினால், தவறாக எழுதிவிட்டார்கள் என்று மாநாடு கூட்டிக் குறைகூற நமக்கு வாய் இருக்குமா?

நான்காம் ஆண்டை ஓய்வறையாக்கிக் காலம் போக்குவோருக்காக நாம் வாதாடவில்லை. உழைக்க எண்ணிய பிள்ளைக்காகவே வாதாடுகிறோம். தந்தையரே, ஆண்டைக் கணக்கிடுமுன், மூன்றாண்டில் உங்கள் பிள்ளை செய்ததை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். இதை ஏன் இப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். அந்த விடையை முழுமையாக்க அவளுக்கு இன்னும் ஓராண்டு வேண்டியிருக்கிறது. அதைத் தருவது உங்கள் கடமை.