மாத்திரை தீர்ந்தால் யார் பொறுப்பு?



2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். பலர் சங்கிலியில் கிடந்தவர்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. நல்லது. ஆனால் நோயாளிகளில் பெரும்பாலோர் இருப்பது காப்பகத்தில் அல்ல, வீட்டில். இரண்டு பஸ் மாறி மகனைக் கூட்டி வந்த தாயிடம், "மாத்திரை ஸ்டாக் இல்லம்மா, அடுத்த வாரம் வாங்க" என்று ஓர் அரசு மருத்துவமனையில் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். அந்த ஒரு வாரம் போதும், அவன் மறுபடி ராத்தூக்கமின்றித் தெருவில் அலைய. அத்தியாவசிய மருந்தை இலவசமாகத் தர வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது!

மனநல நிலையங்களைக் கட்டடம், கட்டில் என்று மட்டும் அளந்தால் போதாது. மருந்து இருப்பு, வீடு தேடி வரும் பணியாளர், சிகிச்சையை நிறுத்தியவரை விசாரிப்பது ஆகியவற்றையும் அந்நிலையங்களுக்கான மாநிலத் தரவிதிகளில் கட்டாயமாக்க வேண்டும். அவற்றை ஆய்வு செய்யும் குழுவில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் இடம் வேண்டும்.

– ஒரு வாசகி, ராமநாதபுரம்