மாத்திரை கொடுக்கும்போது பாதத்தையும் பாருங்கள்

திருச்சி மாவட்டம் வையம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் அறுபதைத் தாண்டியவர்களிடம் இரவில் தூக்கம் வருகிறதா என்று கேட்டால், "எங்கம்மா தூக்கம்? மொளகாய அரைச்சுப் பூசுன மாதிரி ரெண்டு காலும் எரியுது" என்பார்கள். சிலருக்கு ஊசி குத்துகிறது, சிலருக்கு எறும்பு ஊர்கிறது, சிலருக்குப் பாதம் மதமதத்துக் கிடக்கிறது. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். வீட்டிலுள்ளவர்களின் பதிலையும் கேட்டிருக்கிறேன்: "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்."

இந்தப் பதிலை நாம் கைவிட வேண்டும். இந்த எரிச்சல் பெரும்பாலும் நரம்பு வலி; மூட்டு வலி வேறு. மூட்டு வலி பெரும்பாலும் நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். நரம்பு வலியோ படுத்த பிறகுதான் அதிகம் படுத்தும். இரண்டு கால்களிலும் விரல் நுனியில் தொடங்கி மெல்ல மேலேறும். இதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. சர்க்கரை உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நரம்பு பாதிப்பு இருப்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு ஒன்று கண்டது.

வேறு காரணங்களும் உண்டு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்களில் சிலருக்கு பி12 சத்துக் குறைந்து நரம்பு தளர்கிறது. அக்கி வந்தால் காவி எழுதிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். கொப்புளம் காய்ந்தாலும், வயதானவர்களுக்கு அந்த இடத்தில் வலி மாதக்கணக்கில் நிற்கும். மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போனால் அக்கிக்கு நல்ல மருந்து இருக்கிறது.

கால் எரிச்சல் உள்ளவர்கள் மெடிக்கலில் வாங்கி விழுங்குவது, பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கும் 'செட்டு மாத்திரை'. அது நரம்பு வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அதில் உள்ள வலி மாத்திரை சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். நரம்பு கெட்டு உணர்ச்சி குறைந்த காலை வெந்நீரில் வைத்தால் தோல் வெந்துபோவதே தெரியாது. மானாவாரிக் காட்டில் வெறுங்காலோடு களை எடுப்பவர், முள் தைத்ததைச் சீழ் பிடித்த பிறகே பார்க்கிறார். விரலை எடுக்க வேண்டி வருவது இப்படித்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மணப்பாறைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற முடியாத பாட்டிகளுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும். அந்த நன்றியோடுதான் கேட்கிறேன்: மாத்திரை தரும் கை பாதத்தையும் பார்க்கட்டும். "கால் எரியுதா? செருப்பு கழன்று விழுவது தெரியுதா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கட்டும். விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று பார்க்கட்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாத உணர்ச்சியைச் சோதிக்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை போதும். பாதத்தில் வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டால் சில நிமிடத்தில் முடிந்துவிடும். நரம்பு வலிக்கென்றே அமிட்ரிப்டிலின், கபாபென்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகள் உள்ளன. வயதானவர்களுக்குத் தலைசுற்றல் வரக்கூடும் என்பதால், மருத்துவர் பார்த்துக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். இந்த மருந்துகளும் பி12-ம் ஊருக்கு அருகிலேயே தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவிடம் போனில் "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று கேட்கும்போது "கால் எரியுதாம்மா?" என்றும் கேளுங்கள். ஆமாம் என்றால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவர் முன்னால் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.